முதலில் ஏறுகிறவர்கள்

இந்த நாற்காலி பரவாயில்லை, சார். ஸ்டூல் மாதிரி எதையாவது போட்டு உட்கார வைப்பீர்களோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஊர் ஊராக அலைந்த உடம்பு இது. நாற்காலியைப் பார்த்ததுமே இதில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று முதுகு சொல்லிவிடும். இதில் நிறைய நேரம் உட்காரலாம். நீங்கள் அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் சகலை எப்படிச் செத்தான் என்றுதானே கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். காலில் கட்டியிருந்த ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டது. அவன் காலில் ரத்தம் கட்டியதற்கு நான் பொறுப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

நான் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புது வீட்டிலோ கடையிலோ எங்கள் டைல்ஸ் விரிசல் விட்டது என்று புகார் வந்தால் நான்தான் போவேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். அடியில் கலவை சரியாகப் பரவாத இடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் தப்பு கொத்தனார் மேல், கேட்காவிட்டால் எங்கள் மேல். இதற்காக வருஷம் பூராவும் விமானத்தில் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஆபீசில் எந்த விமானத்தில் டிக்கெட் மலிவோ அதில்தான் போடுவார்கள். இன்றைக்கு ஒரு கம்பெனி, அடுத்த வாரம் வேறொன்று. தெருவில் இருக்கிற எல்லாக் கடையிலும் மாறி மாறிச் சாமான் வாங்குகிறவனை எந்தக் கடைக்காரனும் வாடிக்கைக்காரன் என்று நினைக்கமாட்டான். இத்தனை வருஷம் பறந்தும் கவுண்டரில் என்னைப் பார்த்து "அடுத்தது" என்றுதான் சொன்னார்கள்.

சகலைக்கு பிஸ்கட் தொழிற்சாலைகளில் பாக்கெட் போடும் மெஷினைச் சரிசெய்கிற வேலை. மெஷின் நின்றால் தொழிற்சாலையே நின்றுவிடும், உடனே ஆள் வேண்டும். அவன் கம்பெனி ஒரே ஒரு விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. அவன் பறந்த ஒவ்வொரு மைலும் ஒரே உண்டியலில் விழுந்துகொண்டிருந்தது. அது அவன் சாமர்த்தியம் இல்லை. அவன் ஆபீசில் டிக்கெட் போடுகிறவனின் சோம்பேறித்தனம்.

மாமியார் வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை. என் கொழுந்தியாளைக் கட்டியதால் அவன் சின்ன மாப்பிள்ளை. பெரியவர், சின்னவர் என்றுதான் அந்த வீட்டில் எங்களைச் சொல்வார்கள். சாப்பாட்டு மேஜையில் முதல் தட்டு எனக்கு வரும். காரில் முன் சீட் எனக்கு. எந்த வாசலில் நுழைந்தாலும் அவன் ஒதுங்கி நின்று "நீங்க போங்க அண்ணே" என்பான். இதையெல்லாம் நான் கேட்டு வாங்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னவனும் அந்த முறையை மீறினதில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மாமியாருக்குக் கடலோரத்தில் சில நாள் இருந்துவிட்டு வர ஆசை. அக்கா தங்கை இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர், மாமியார் என்று எல்லோருமாகக் கிளம்பினோம். விமான நிலையத்தில் எப்போதும்போல எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் முன்னால் நின்றேன். கவுண்டரிலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற சின்னவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "வாங்க சார், நீங்க ஏன் இந்த வரிசையில நிக்கறீங்க?" என்றாள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, இந்தப் பக்கமா போயிடலாமாம்."

போயிடலாமாம். யாரோ சொன்னதைச் சொல்கிற மாதிரி. ஒரே நிறுவனத்தில் நிறைய மைல் பறக்கிறவர்களுக்குக் கொடுக்கிற கறுப்பு கார்டு அவனிடம் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நிறுவனத்தில் அதற்கு மேலே வேறு கார்டு கிடையாது. அவன் அதை பர்சில், மளிகைக் கடை கார்டுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான்.

கார்டுக்காரர்கள் விமானத்துக்குக் காத்திருக்கிற தனி அறை, லவுஞ்ச் என்பார்கள், அதன் வாசலில் இருந்த அம்மாள், கார்டுக்காரரோடு மூன்று பேர்தான் வரலாம் என்றாள். மாமியார், என் மனைவி, கொழுந்தியாள். மூன்று பேர் ஆகிவிட்டது. நான் கையில் ஐந்து பாஸ்போர்ட்டோடு நின்றேன்.

"இவரு எங்க வீட்டுப் பெரிய மாப்பிள்ளை மேடம். அவரு உள்ள போகட்டும், நான் வெளியில உட்கார்ந்துக்கறேன்" என்றான் சின்னவன்.

"நீங்க இல்லாம அவங்க யாருமே போக முடியாது சார்" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "சரி, உங்களுக்காக இந்த ஒரு தடவை விடறேன்."

அவனுக்காக என்னை விட்டாள். உள்ளே நல்ல சோபா, சூடான சூப், குளிக்க அறை, ஷூ துடைத்துக் கொடுக்க ஒரு ஆள். மாமியார் சோபாவில் உட்கார்ந்தவர் அமிழ்ந்து போய், எழுந்திருக்க முடியாமல், எல்லோரையும் சிரிக்க வைத்தார். "சின்னவரு இல்லேன்னா இந்த இடத்தையெல்லாம் நாம கண்ணால பார்த்திருப்போமா?" என்றார். என் மனைவி பதில் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வைத்திருந்த சாக்லேட்டை யாரும் பார்க்காதபோது கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

விமானத்தில் ஏற்றுகிற வரிசை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதலில் வீல்சேரில் வருகிறவர்கள். அப்புறம் கைக்குழந்தைக்காரர்கள். அடுத்தது கறுப்பு கார்டு. பிறகு கூடுதல் பணம் கொடுத்து முன்பக்கம் உட்காருகிறவர்கள், வெள்ளி கார்டு, அதற்கும் பிறகு ஊர் உலகம் எல்லாம். அன்றைக்கு அறிவிப்பு வந்ததும் சின்னவன் பழக்கம்போல ஒதுங்கி, "நீங்க போங்க அண்ணே" என்றான். நானும் பழக்கம்போல முன்னால் போனேன். வாசலில் நின்ற பையன் என் மார்புக்கு நேராகக் கையை நீட்டித் தடுத்தான். தொடவில்லை, நீட்டினான், அவ்வளவுதான். "கார்டு இருக்கறவங்க முதல்ல சார்" என்றான். சின்னவன் என்னைத் தாண்டி நடந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மாமியார் முதல் தட்டை அவன் முன்னால் வைத்தார். "பறந்து பறந்து களைச்சுப் போறவரு" என்றார். அவன் சத்தமில்லாமல் அதை என் பக்கம் நகர்த்தினான். நகர்ந்து வந்த தட்டில்தான் நான் சாப்பிட்டேன்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். அந்த வார்த்தை கொஞ்சம் பெரியது. சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பையனின் கை வந்து நின்றது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தக் கார்டுக்கு என்னென்ன உண்டு என்று நான் தேடிப் படித்தேன். அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டியில் ஆரஞ்சு நிற டேக் கட்டுவார்கள், இறங்கினதும் அதுதான் முதலில் வரும். போன் செய்தால் காத்திருக்க வைக்காமல் எடுப்பார்கள். முன்பக்கம் இடம் காலியாக இருந்தால் காசில்லாமல் அங்கே மாற்றிவிடுவார்கள். ஒரு தடவை அவன் வந்த விமானம் தாமதமாகிவிட்டது. படிக்கட்டுக்குக் கீழேயே கார் வந்து நின்று, அவனை ஏற்றிக்கொண்டு போய் அடுத்த விமானத்தின் அடியில் இறக்கிவிட்டது. அதுவரை அந்த விமானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதாம். அவன் அதைத் தன்னைக் கேலி செய்துகொண்டுதான் சொன்னான், அழுக்கு யூனிபார்மும் ஸ்பானர் பையுமாகக் காரில் ஏறினதை. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விருந்தாளி யார் வந்தாலும் அதைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். என்னை யாரும் சொல்லச் சொன்னதில்லை.

கறுப்பு கார்டுக்காரர் தனக்கு வேண்டிய ஒருவருக்கு வெள்ளி கார்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை. அவன் அதை என் பெயருக்கு வாங்கினான். என் பிறந்தநாளன்று எல்லோர் முன்னாலும் கொடுத்தான். "எங்க வீட்டுக்காரி எங்கேயும் போறதில்ல அண்ணே, அலையறது நீங்கதானே" என்றான். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை புருஷன் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேனா என்றால், வாங்கிக்கொண்டேன். ஆபீசில் சண்டை போட்டு, மலிவு டிக்கெட்டுக்கு மேல் ஆகிற செலவைக் கைக்காசு போட்டு, அதே விமானத்தில் போக ஆரம்பித்தேன். கவுண்டரில் என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. நாள் முழுக்க யாரோ வீட்டுத் தரையைத் தட்டிவிட்டு, முழங்கால் வலியோடு வருகிறவனை ஒருத்தி பெயர் சொல்லி, "வாங்க சார், நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்கிறாள். வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், இது அவன் போட்ட பிச்சை என்பதும் கூடவே வரும்.

போன வருஷம் அவன் ஒரு தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்தான். கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்ததில் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள், காலையும் மாலையும் தவறவே கூடாது என்றார்கள். நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். கம்பெனி அவனை உள்ளூரிலேயே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் போட்டது.

வருஷக் கடைசி நெருங்கியது. கறுப்பு கார்டு அடுத்த வருஷமும் நிலைக்க வேண்டுமானால் இன்னும் ஒரு நீண்ட பயணம் பாக்கி இருந்தது. அதைச் செய்யாவிட்டால் அவன் கார்டு போய்விடும். அவன் கார்டு போனால் அதிலிருந்து முளைத்த என் கார்டும் போய்விடும்.

"போனா போகுது அண்ணே. எனக்கு அந்த லவுஞ்ச்சுல தூக்கம்தான் வரும்" என்றான்.

நான் இரண்டு வாரம் பேசினேன். வற்புறுத்தவில்லை, பேசினேன். இவ்வளவு வருஷ உழைப்பு வீணாகலாமா என்றேன். மாமியார் மறுபடி கடலுக்குப் போக ஆசைப்படுகிறார், கால் வலியோடு அவரை நீண்ட வரிசையில் நிற்க வைப்பதா என்றேன். அதற்கு அவன் மசிந்தான். டாக்டரிடம் நானே கூடப் போனேன். வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். "ரொம்பக் கட்டாயம்னா, மாத்திரை தவறாம சாப்பிடணும், நிறையத் தண்ணி குடிக்கணும், அடிக்கடி எழுந்து நடக்கணும்" என்றார். கட்டாயம்தான் டாக்டர் என்று நான் சொன்னேன்.

கொழுந்தியாளுக்கு மனமே இல்லை. "நான் கூடப் போறேன்மா. மாத்திரை, தண்ணி, நடக்க வைக்கறது எல்லாம் என் பொறுப்பு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அறைகள் வைத்த டப்பா ஒன்றில் வேளைக்கு ஒன்றாக மாத்திரையைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "அவர்கிட்ட குடுத்தா மறந்துடுவாரு அத்தான். நீங்களே வெச்சுக்கோங்க." எனக்கும் ஒரு மாத்திரை உண்டு, சார். விமானத்தில் தூக்கம் வராது என்பதால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதுவும் சின்னது, வெள்ளை. அதையும் அந்த டப்பாவோடு ஒரே பையில் வைத்தேன். அப்போது மனதில் ஒன்றும் இல்லை.

இப்படி மைலுக்காகவே பறப்பது வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இரண்டு விமானம் மாறி உலகத்தின் அந்தக் கோடிக்குப் போவோம். போய் இறங்கி, ஊருக்குள்ளே காலே வைக்காமல், விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அதே வழியில் இரண்டு விமானம் மாறித் திரும்புவோம். பார்க்க ஒன்றுமில்லை, வாங்க ஒன்றுமில்லை. கார்டு வைத்திருக்கிறவர்கள் வருஷக் கடைசியில் இதைச் செய்வார்கள். மூக்கில் விரல் வைக்காதீர்கள். பதவிக்காக ஜனங்கள் இதைவிட என்னென்னவோ செய்கிறார்கள்.

முதல் விமானத்தில் இரண்டு பேரும் பின்னால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவனைத் தண்ணீர் குடிக்க வைத்தேன். கையைப் பிடித்து நடைபாதையில் நடக்க வைத்தேன். மாத்திரையை வேளைக்கு என் கையாலேயே கொடுத்தேன். அவனைப் பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். அந்த விமானத்தில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது விமானத்தில் முன்பக்கம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அவனை மாற்றினார்கள். நான் பின்னால் போனேன். அதுகூடப் பரவாயில்லை. விமானம் மேலே ஏறிச் சமமானதும் மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். நம்மோடு இன்று பயணம் செய்யும் இவர், இந்தப் பயணத்தோடு எங்கள் நிறுவனத்தின் ஆயுள் கால உறுப்பினராகிறார், இனி இவர் வாழ்நாள் முழுவதும் கறுப்பு கார்டு இவருடையது என்றார்கள். எனக்கே அது தெரியாது. எல்லாவற்றையும் தேடிப் படித்த நான் அதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு பெண் முன்பக்கத் திரையை விலக்கினாள். அவன் நொண்டிக்கொண்டு எழுந்து நின்று, கூச்சத்தில் நெளிந்து, கும்பிட்டான். என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள்கூடக் கை தட்டினான்.

வாழ்நாள் முழுவதும். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கார்டு என்றால் ஒரு நாள் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும், சார். அவனுக்கும் வயசாகும், வேலை மாறும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிற காலம் ஒன்று வரும். அது இனி வராது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். கையில் தட்டில் கேக். வெட்டினதில் பெரிய துண்டு. "அண்ணே, இந்தாங்க. இது நம்ம ரெண்டு பேர் கார்டு. உங்க கார்டுக்கும் இனி கவலையில்ல, நான் இருக்கறவரைக்கும்" என்றான். அப்புறம் என் தோளைத் தொட்டு, "நீங்க முன்னாடி போய்ப் படுங்க அண்ணே. நான் இங்க உட்கார்ந்துக்கறேன். நானெல்லாம் எங்கேயும் தூங்கிடுவேன்" என்றான்.

அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நல்ல பிள்ளை என்கிற முகம் எல்லோருக்கும். நகர்ந்து வந்த தட்டு மாதிரி ஒரு சீட். நான் சிரித்தேன். "கால் நீட்டிப் படுக்க வேண்டியது நீதான் தம்பி" என்றேன். கேக்கைச் சாப்பிட்டேன், நல்ல கேக்.

"மாத்திரை வேளை ஆயிடுச்சா அண்ணே?" என்று கேட்டான். விமானம் மாறும்போது கடிகாரத்தை மாற்றியதில் அவனுக்கு நேரம் குழம்பியிருந்தது.

"இன்னும் ஆகல. நம்ம ஊர் நேரப்படிதான் பார்க்கணும். நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு."

எந்த ஊர் நேரப்படி பார்த்தாலும் வேளை ஆகியிருந்தது.

திரும்புகிற விமானத்துக்காக லவுஞ்ச்சில் காத்திருந்தபோது மறுபடி கேட்டான். கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருப்பது நன்றாக இருக்காது. மாத்திரை கேட்டான், மாத்திரை கொடுத்தேன். என்னுடையதைக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை நானே திறந்துகூடக் கொடுத்தேன். அவன் உள்ளங்கையைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு அண்ணே" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். மூன்றாவது விமானத்தில் ஏறியதும் இன்னொன்று கொடுத்தேன்.

அந்த விமானத்திலும் அவனை முன்பக்கம் மாற்றியிருந்தார்கள். நான் அங்கிருந்த பணிப்பெண்ணிடம் போய், "அவருக்குக் கால் சரியில்லை, ரொம்ப அலுப்பு. சாப்பாட்டுக்குக்கூட எழுப்ப வேண்டாம்" என்று சொன்னேன். சொந்தக்காரர் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டி, எழுப்ப வேண்டாம் என்று எழுதின அட்டையை அவன் சீட்டில் மாட்டினாள். வெளியே நல்ல வெயில், ஜன்னலையெல்லாம் மூடி விளக்கை அணைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் ஒரு மனிதன் அப்படி அசையாமல் கிடக்கவே முடியாது, சார். சாப்பாட்டு வண்டி முட்டியில் இடிக்கும். பக்கத்து ஆள் பாத்ரூம் போக எழுப்புவான். குழந்தை பின்னாலிருந்து உதைக்கும். நாலு தடவையாவது எழுந்து நிற்க வேண்டிவரும். அசையாமல் கிடக்கிற வசதி முன்பக்கத்தில் மட்டும்தான். அதுவும் அந்தக் கார்டு அவனுக்குக் கொடுத்த சலுகைதானே. நான் ஏற்பாடு செய்ததில்லை.

ஒரு தடவை போய் எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். போர்வை விலகியிருந்தது, இழுத்துவிட்டேன். பையில் டப்பா இருந்தது. எழுப்பிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். எழுப்ப வேண்டாம் என்று அட்டை மாட்டியிருக்கிறதே என்று திரும்பி வந்துவிட்டேன்.

தரையிறங்கினோம். அது நாங்கள் மாறிப் போக வேண்டிய ஊர், இப்போது அங்குள்ள போலீசார் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்களே, அந்த ஊர். கறுப்பு கார்டுக்காரர் இறங்கினபிறகுதான் மற்றவர்கள் என்று ஒரு பெண் திரையைப் பிடித்துக்கொண்டு எங்களை நிறுத்தினாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் முதல் ஆளாக நின்றேன். அவன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்தான். பையை எடுத்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். கதவை நோக்கி நாலு அடி வைத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

யாரும் இறங்க முடியவில்லை. டாக்டர் வந்து, ஆள் வந்து, தூக்கிக்கொண்டு போகிறவரை அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு நின்றோம். அன்றைக்கும் அவன்தான் முதலில் இறங்கினான்.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். கொழுந்தியாள் போனைக் கீழே போட்டுவிட்டாள். மாமியார்தான் எடுத்துப் பேசினார். "பெரியவரே, நீங்க கூட இருந்தீங்களே, அதுவே போதும்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பொய்யாக அழவில்லை. அவனைப்போல என்னை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

உடலைக் கொண்டுவர எழுத்து வேலையெல்லாம் முடிய சில நாள் ஆயிற்று. நானே அலைந்தேன். கிளம்புகிற அன்று விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணிகள் ஒருவர்கூட ஏறவில்லை, அறிவிப்பே வரவில்லை. கீழே ஒரு வண்டி வந்தது. பெட்டியை மெதுவாக, நாலு பேர் கை கொடுத்து, விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றினார்கள். வீல்சேர்காரர்களுக்கும் முன்னால், கைக்குழந்தைக்காரர்களுக்கும் முன்னால் அவனை ஏற்றினார்கள்.

பிறகு வெள்ளி கார்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். நான் போய் போர்டிங் பாஸை நீட்டினேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே நின்ற பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "சார், மூலக் கார்டுக்காரர் காலமானதால உங்க கார்டும் முடிஞ்சுபோச்சு. தப்பா நினைக்காதீங்க, கடைசியா கூப்பிடும்போது வாங்க" என்றாள். நான் இருக்கறவரைக்கும் என்று அவன்தான் சொல்லியிருந்தானே. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டது, சரியாக மனதில் பதியவில்லை. ஓரமாக நின்று ஊர் உலகத்தோடு ஏறினேன்.

டப்பாவை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். கொலைகாரன் என்றால் தூக்கிப் போட்டிருப்பான். நான் பையிலேயே வைத்திருந்தேன். என் மனைவி துணி துவைக்க எடுத்தபோது கிடைத்து, தங்கையிடம் கொடுத்திருக்கிறாள். கொழுந்தியாள் அதைச் சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் வைத்தாள். முதல் வேளைகளுக்கான அறைகள் காலி. மற்றதெல்லாம் அவள் போட்டது போட்டபடி.

"அத்தான், இது என்ன?"

"நேரம் மாறினதுல குழம்பிட்டேன்மா" என்றேன்.

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "அவரு உங்களை சாமி மாதிரி வெச்சிருந்தாரு" என்றாள். டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

நேற்று வரை இதே பதிலைத்தான் நான் உங்களுக்கும் சொன்னேன். நேரம் மாறியதில் குழப்பம். நீங்களும் பாதி நம்பினீர்கள், என் தூக்க மாத்திரை அவன் ரத்தத்தில் எப்படி வந்தது என்பதற்குக்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். மனுஷனுக்கு ஒரு கட்டத்தில் உறுத்தத்தான் செய்யும்.

மாத்திரையை நான் வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. வேறு மாத்திரையைத் தெரிந்தேதான் கொடுத்தேன். எழுப்ப வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அவன் சாகட்டும் என்றுதான் செய்தேன். பொறாமையால் இல்லை, அதை மட்டும் தனியாக எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நேற்று சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். நான் ஒப்புக்கொண்டால் வழக்கு அந்த ஊரில்தான் நடக்கும், இரண்டு போலீஸ்காரர்களோடு விமானத்தில் அனுப்புவோம் என்றீர்கள். கைதியைப் பயணிகள் எல்லோருக்கும் முன்னால் ஏற்றி, கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றீர்கள். கடைசி வரிசையானால் எனக்கு ஒன்றுமில்லை.

வீல்சேர்காரர்களுக்கும் முன்னால்தானே, சார்?